டி.பி. கிருமியும் டி செல்களும்

கை தடித்தால் டி.பி.யா?

டி.பி. தொற்றைக் கண்டறியும் மாண்டூ பரிசோதனைக்கு முன்கைத் தோலில் ஊசி போட்டு, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்பி வரச் சொல்வார்கள். சிவந்திருப்பது கணக்கில் வராது. விரலால் தடவி, கெட்டியாகத் தடித்த இடத்தை மட்டும் மில்லிமீட்டரில் அளப்பார்கள். டி.பி. கிருமியை ஏற்கெனவே சந்தித்த டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் அங்கே வந்து கூடுவதால் வரும் தடிப்பு அது. பி.சி.ஜி. தடுப்பூசி போட்டவர்களுக்கும் தடிக்கலாம். கை தடித்துவிட்டது என்று பதற வேண்டாம். கிருமி தொற்றியவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக மாறுகிறது.

விழுங்கியும் சாகாத கிருமி

மூச்சோடு போகும் கிருமியை நுரையீரலின் மேக்ரோபேஜ் செல்கள் விழுங்கிவிடுகின்றன. சாதாரணக் கிருமி என்றால் அதோடு தீர்ந்தது. இதுவோ விழுங்கிய செல் தன்னைச் செரிக்கவிடாமல் தடுத்து, அதற்குள்ளேயே பெருகுகிறது. டி செல்கள் தயாராகி வருவதற்குச் சில வாரங்கள் ஆகிவிடும்.

எந்தச் செல்லுக்கு என்ன வேலை?

டி செல்களில் முதலிடம் சிடி4 வகைக்கு. அவை சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா, மேக்ரோபேஜுக்கு வலுவூட்டி உள்ளிருக்கும் கிருமியைக் கொல்ல வைக்கிறது. எச்.ஐ.வி. அழிப்பது இந்தச் செல்களைத்தான்; எச்.ஐ.வி. உள்ளவர்களை டி.பி. சுலபமாகத் தாக்குவது அதனால்தான். சிடி8 வகை டி செல்கள் கிருமி புகுந்த செல்லையே கொல்லும். அவற்றிடம் உள்ள கிரானுலைசின் என்ற புரதம் கிருமியையும் நேரடியாகத் தாக்கும். காமா-டெல்டா, மெய்ட் என்று வேறு சில வகைகளும் உண்டு. இவை புரதத்தைத் தேடுவதில்லை. கிருமி உண்டாக்கும் சிறு வேதிப்பொருள்களை மோப்பம் பிடித்துவிடும்.

இந்தப் போர் எல்லை மீறினாலும் ஆபத்துதான். நுரையீரலில் குழி விழுவதில் நம் எதிர்ப்பு சக்திக்கும் பங்கு உண்டு. எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று விற்கிற பொடியை நம்பி டி.பி. மாத்திரையை நிறுத்துவது வடிகட்டிய முட்டாள்தனம்.

தடுப்பூசி போதாதா?

பி.சி.ஜி., குழந்தைகளை மூளைக்காய்ச்சல் டி.பி. போன்ற கடுமையான வகைகளிலிருந்து காக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் டி.பி.யை அது தடுக்கவில்லை என்பதை, 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய மாபெரும் ஆய்வு காட்டியது.

தடுப்பூசி போட்டிருந்தாலும், சர்க்கரை நோய், ஊட்டச்சத்துக் குறைவு, நீண்டநாள் ஸ்டீராய்டு ஆகியவை டி செல்களின் பலத்தைக் குறைக்கும். இதில் ஏதேனும் ஒன்று உங்களுக்கு இருந்து, இருமல் 2 வாரத்தைத் தாண்டினால் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அங்கே பரிசோதனையும் இலவசம், மாத்திரையும் இலவசம்.