குளிர்வரவும் கணிப்பொறியும்

பத்து நாளில் குளிர் வருமெனக் கணிப்பொறி வரைபடம் ஒன்று காட்டின், அதனை நம்பலாமா? ஒன்றை மட்டும் நம்பலாகாது. தொடக்க அளவீட்டின் சிறுபிழையும் நாள்தோறும் பெருகும் என்பதை எட்வர்டு லாரன்சு 1963இல் விளக்கினார். ஆதலின், ஐரோப்பிய வானிலை நடுவம் தொடக்க அளவுகளைச் சிறிதே மாற்றி 51 கணிப்புகளை இயக்குகிறது. அவற்றுள் நாற்பது குளிரைக் காட்டின் முதியோர்க்கும் உழவர்க்கும் எச்சரிக்கை விடுக்கலாம். ஐந்தே காட்டின் காத்திருத்தல் நன்று.

உயர்வளி தரும் முன்னறிகுறியும் இவ்வாறே எடைபோடத்தக்கது. 2018 பிப்ரவரியில், வடமுனையைச் சுற்றிவரும் மேலைக்காற்று ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் திசைமாறிற்று. மாதக் கடைசியில் பிரித்தானியா பனியில் மூழ்கியது. 2019 சனவரியிலும் காற்று அவ்வாறே திசைமாறிற்று. ஆயினும், பிப்ரவரி 26இல் இலண்டன் கியூ பூங்காவில் பதிவானதோ 21.2 பாகை செல்சியசு. பிரித்தானியக் குளிர்காலம் அதுவரை காணாத வெப்பம்!