பிள்ளை பார்க்கும் ஊழியருக்கு ஒரு மணி நேரம்

மேற்பார்வை என்றதும் நம் வர்த்தகர்களுக்கு ஞாபகம் வருவது, கல்லாவில் உட்கார்ந்து ஊழியர் எத்தனை மணிக்கு வந்தார், எவ்வளவு விற்றார், கணக்கில் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பதுதான். கடைக்கு அது போதும். ஆனால் நம்மில் சிலர் முன்பள்ளியும் பகல்நேரச் சிறுவர் பராமரிப்பு நிலையமும் நடத்துகிறோம். வேறு சிலர் அவற்றில் முதலிடும் யோசனையில் இருக்கிறார்கள். அங்கே இந்தக் கடைக்கண் போதாது.

ஒன்றரை வயதுப் பிள்ளை காலையில் தாயைப் பிரிந்து அழுகிறது. அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே இன்னொன்றுக்குச் சோறூட்ட வேண்டும். மூன்றாவது பிள்ளை பக்கத்துப் பிள்ளையைக் கடித்துவிடுகிறது. மாலையில் அந்தத் தாய் வந்து சத்தம் போடுகிறார். இத்தனைக்கும் ஊழியர் முகம் சுளிக்கக் கூடாது. உணர்ச்சியை அடக்கி முகத்தைச் சரியாக வைத்திருப்பதும் ஓர் உழைப்பே என்று அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹொக்‌ஷில்ட் 1983இல் எழுதினார். அவர் எடுத்த முக்கிய உதாரணம் விமானப் பணிப்பெண்கள். பயணி சில மணி நேரத்தில் இறங்கிப் போய்விடுவார். பிள்ளை நாளைக்கும் வரும்.

இந்தச் சுமையை இறக்கிவைக்க ஏற்பட்டதுதான் மீள்நோக்கு மேற்பார்வை. 1970களில் மிச்சிகனில் செல்மா பிரைபேர்க் என்பவர் கைக்குழந்தைகளுடனும் பெற்றோருடனும் செய்த பணியில் இதன் வேர் இருக்கிறது. ஐக்கிய அமெரிக்காவில் 1977இல் தொடங்கிய ‘சீரோ டு த்ரீ’ என்ற அமைப்பு இதைப் பரப்பியது. முறை எளியது. பொறுப்பாளரும் ஊழியரும் குறித்த நாளில், குறித்த நேரத்தில், தவறாமல் தனியே உட்கார்ந்து நடந்ததை நிதானமாகத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

கடிக்கும் பிள்ளையையே எடுத்துக்கொள்வோம். “ஏன் கவனிக்கவில்லை?” என்பது வழமையான கேள்வி. இங்கே கேட்பது வேறு: “அந்த நேரம் உங்களுக்கு எப்படி இருந்தது? பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்?” சற்று மௌனத்துக்குப் பின், “உண்மையைச் சொன்னால் அந்தப் பிள்ளையைக் கண்டாலே எனக்கு எரிச்சல், டீச்சர்” என்று ஊழியர் சொல்லக்கூடும். இந்த வார்த்தை வெளியே வருவதுதான் இலாபம். அதன் பின்னர்தான், பிள்ளை எப்போது கடிக்கிறது, பசியிலா, நெரிசலிலா என்று இருவரும் சேர்ந்து யோசிக்க முடியும். வாய்க்குள்ளேயே இருந்தால் அந்த எரிச்சல் பிள்ளையைத் தூக்கும் கையில் தெரியும்.

பேச இடமில்லாத நிலையத்தில் என்ன நடக்கும் என்பதை இங்கிலாந்து கசப்பாகக் கற்றது. பிளிமத் நகரின் ஒரு நிலையத்தில் ஊழியர் ஒருவர் பிள்ளைகளைத் துஷ்பிரயோகம் செய்தது 2009இல் வெளிவந்தது. அவருடைய நடத்தை சக ஊழியர்களுக்கு உறுத்தியிருந்தும் அவர்களால் அதைத் தட்டிக்கேட்க முடியவில்லை என்று 2010இல் வெளியான விசாரணை அறிக்கை கூறியது. 2012 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சிறுவர் பராமரிப்பு விதிகள், ஊழியருக்கு முறையான மேற்பார்வை வழங்குவதை அங்கே கட்டாயமாக்கின. பிள்ளைகளைப் பற்றிய எந்தக் கவலையையும் பேசுவதற்கான சந்தர்ப்பமாக அது இருக்க வேண்டும் என்பது விதி.

செலவு இருக்கிறது, மறைக்கத் தேவையில்லை. அதே விதிகளின்படி இரண்டு வயதுக்குட்பட்ட 3 பிள்ளைகளுக்கு ஓர் ஊழியராவது இருக்க வேண்டும். ஒருவரை ஒரு மணி நேரம் வெளியே அழைத்தால் அவருடைய இடத்தில் இன்னொருவர் நிற்க வேண்டும். அந்தச் சம்பளத்தைக் கணக்கில் எழுதுங்கள். பக்கத்திலேயே, பழகிய ஊழியர் விலகிப் போனால் புதியவரைத் தேடிப் பழக்கும் செலவையும் எழுதுங்கள். பழகிய முகத்தைக் காணாமல் அழும் பிள்ளையின் அழுகைக்கு எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

முதலாளி தானே போய் உட்காராமலிருப்பது நல்லது. சம்பளத்தைக் கூட்டிக் குறைப்பவரிடம் யார் மனம் திறப்பார்? அனுபவமுள்ள, பொறுமையான ஒரு பொறுப்பாசிரியை போதும். அங்கே பேசியதைச் சம்பள உயர்வுக்கோ தண்டனைக்கோ எடுக்கக் கூடாது. ஆனால் ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் அதை இரகசியமாக வைக்க முடியாது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

ஆரம்பத்தில் ஊழியர் பேச மாட்டார். “ஒன்றுமில்லை டீச்சர், எல்லாம் சரி” என்பார். இரண்டு மூன்று தடவை அப்படித்தான் போகும். பிள்ளைகள் தூங்கும் நேரமாகப் பார்த்து, தொலைபேசியை வெளியே வைத்துவிட்டு, குறித்த நாளில் மறுபடியும் உட்காரச் சொல்லுங்கள்.