பின் பொருந்தினால் மட்டும் போதாது! கடைக் கணினிக்குப் பவர் சப்ளை மாற்றுவோர் கவனத்திற்கு

கண்டி மாவட்டத்தில் எமக்குத் தெரிந்த ஒரு ஹாட்வெயார் கடை. பில் போடுவது, ஸ்டொக் பார்ப்பது, மேசன்மாருக்கும் கொந்தராத்துக்காரர்களுக்கும் கொடுத்த கடன் என எல்லாக் கணக்கும் ஒரே கணினியில். ஒரு நாள் காலை சுவிச்சைப் போட்டும் அது இயங்கவில்லை. பழுதாகியிருந்தது பவர் சப்ளை மட்டுமே. அன்றே புதியதொன்றை வாங்கி வந்தார்கள்.

மதர்போட்டில் புரொசெஸருக்கு மின்சாரம் செல்லும் இடத்தில் எட்டுத் துளைகள். புதிய பவர் சப்ளையில் அதற்கென வந்த பிளக்கிலோ நான்கு பின்கள்தான்.

"நானா, இது பாதிதான் நிரம்புது. இந்தா, எட்டுப் பின் வயர் வேற ஒண்டு இருக்கு. இதப் போடுவமா?" என்று கேட்டார் கடையில் வேலை செய்யும் இளைஞர்.

"பொருந்துதெண்டா போடுங்க தம்பி" என்றார் முதலாளி.

சற்று இறுக்கமாக இருந்தது, அழுத்திச் செருகினார்கள். சுவிச்சைப் போட்டதும் புகை வந்தது. புதிய பவர் சப்ளையும் போனது, நன்றாயிருந்த மதர்போட்டும் போனது.

அந்த எட்டுப் பின் வயர் கிராபிக்ஸ் காட்டுக்கு உரியது. புரொசெஸர் பிளக்கில் 12 வோல்ட் வரும் பக்கத்தில் இதில் எர்த் இருக்கும். எர்த் இருக்க வேண்டிய பக்கத்தில் 12 வோல்ட் வரும். அழுத்திச் செருகினால் நேரடி ஷோர்ட்தான். உண்மையில் முதலில் கையிலெடுத்த நான்கு பின் பிளக்கே அந்தக் கணினிக்குப் போதுமானதாக இருந்தது!

ஏன் இந்தக் குழப்பம்?

1995இல் இன்டெல் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஏ.ரி.எக்ஸ் முறையில் பிரதான பிளக்குக்கு 20 பின்கள். பென்டியம் 4 வந்த 2000ஆம் ஆண்டில் புரொசெஸருக்கெனத் தனியாக நான்கு பின் பிளக் சேர்ந்தது. 2003இல் பிரதான பிளக் 24 பின்னானது. கூடுதலாக வந்த நான்கும் 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட், எர்த் ஆகியனவே. ஆகவே பழையதும் புதியதும் கலக்கும்போது பின் எண்ணிக்கை ஒத்துவராமல் போவது இயல்பே.

எது பரவாயில்லை?

பழைய 20 துளை மதர்போட்டுக்கு 24 பின் பிளக்கைப் போடலாம். பல பவர் சப்ளைகளில் கடைசி நான்கு பின்னும் தனியே கழன்று வரும். கழலாவிட்டால், பக்கத்தில் வேறு உறுப்பு தடுக்காத இடத்தில் அந்த நான்கையும் வெளியே நீட்டி விடலாம்.

24 துளைக்கு 20 பின் போட்டாலும் சாதாரண பில் போடும் கணினி பெரும்பாலும் இயங்கும். ஆனால் சுமை கூடினால் இருக்கும் பின்கள் சூடாகும். இதற்கென விற்கும் மாற்று வயர் வடிவத்தைத்தான் மாற்றும், பவர் சப்ளையின் பலத்தைக் கூட்டாது. பவர் சப்ளையையே மாற்றுவது நல்லது.

எது ஆபத்து?

கழற்றிப் பூட்டும் வயர்கள் கொண்ட பவர் சப்ளைகளில், பழையதன் வயரைப் புதியதில் பூட்டவே கூடாது. மதர்போட் பக்கம் எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும், பவர் சப்ளைப் பக்கத்தில் கம்பனிக்குக் கம்பனி ஒழுங்கு மாறும். வயரின் நிறத்தை நம்புவதும் சரியல்ல. மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட் என்பது வழமை. இப்போது பலவற்றில் எல்லா வயரும் கறுப்பு.

பாவித்த பிராண்ட் கணினி வாங்குவோர் மேலும் கவனிக்க வேண்டும். 1990களின் பிற்பகுதியில் டெல் கணினிகள் சிலவற்றில் பிளக் வழமையான 20 பின் போலவே இருந்தது. உள்ளே வயர் ஒழுங்கு வேறு. பின்னர் வந்த டெல், எச்.பி., லெனோவோ அலுவலகக் கணினிகள் பலவற்றில் 6, 8, 10, 14 பின் எனத் தனித்தனிப் பிளக்குகள். இவற்றுக்கு அதே மொடலுக்குரிய பவர் சப்ளையை வாங்குங்கள். இல்லையேல் அந்த மொடலுக்கென்றே செய்த மாற்று வயரை வாங்குங்கள். ஒரே எட்டுப் பின்னாயினும் ஒரு கம்பனிக்குரியது மற்றதற்கு ஆகாது.

கடைக்குப் போகுமுன்...

பழுதான பவர் சப்ளையைக் கையோடு கொண்டு செல்லுங்கள். மதர்போட்டின் துளைகளைத் தொலைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கணினியின் மொடல் இலக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். சில பழைய பவர் சப்ளைகளின் பின்புறம் 115, 230 எனச் சிறு சுவிச் இருக்கும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். அது 115இல் இருந்தால், போட்ட கணத்திலேயே வெடிக்கும்.

வேலை தொடங்குமுன் சுவர்ப் பிளக்கைக் கழற்றுங்கள். சரியான பிளக் இலகுவாக உள்ளே போய், கொக்கி மாட்டும். பலம் போட வேண்டியிருந்தால் நிறுத்துங்கள். பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் உள்ளே அபாயகரமான மின் தங்கியிருக்கும்.

அந்த ஹாட்வெயார் கடைக்காரரின் ஹாட் டிஸ்க் நல்லவேளை தப்பியது. வேறொரு கணினியில் பூட்டிக் கணக்கை எடுத்தார்கள். ஆனால் அதற்குள் மூன்று நாட்கள் போய்விட்டன. அந்த நாட்களில் கடன் கட்ட வந்தவர்களிடம் பாக்கி எவ்வளவு என்று சொல்ல முடியாமல், "நீங்களே சொல்லுங்க" என்று கேட்டு எழுதியிருக்கிறார் முதலாளி.

பவர் சப்ளை போனால் வேறொன்று வாங்கலாம். மதர்போட்டையும் வாங்கலாம். யார் எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. எனவே இன்றிரவு கடையை மூடுமுன், அந்தக் கணக்கில் ஒரு பிரதியை வேறிடத்தில் எடுத்து வையுங்கள்.