கடைசிப் பந்தி யாருக்கு?

போன மாதம் என் மகளின் கல்லூரியில் ரத்ததான முகாம் நடந்தது. ஆசையாகப் போனவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் 12.5 கிராமாவது இருக்க வேண்டும். அவளுக்கு இருந்தது 9 தான்.

"நம்ம வீட்டுல சாப்பாட்டுக்கு என்னடி குறை?" என்று அங்கலாய்த்தேன்.

"குறை ஒண்ணும் இல்லைம்மா. மீன் குழம்பு வச்சா நடுத்துண்டு யாருக்கு, வால் துண்டு யாருக்குன்னு மட்டும் யோசிச்சுப் பாரு" என்றாள்.

சுருக்கென்றது. உண்மைதான். நடுத்துண்டு அவருக்கும் மகனுக்கும். 'ஆம்பளப் பிள்ளை, வெளியில அலையறவன்' என்று ஒரு சமாதானம். வால் துண்டு மகளுக்கு. எல்லோரும் கை கழுவிய பிறகு, சட்டியில் ஒட்டியிருப்பது எனக்கு. என் அம்மாவும் மாமியாரும் அப்படித்தான் சாப்பிட்டார்கள். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கரண்டி என் கையில்தானே இருந்தது!

2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வில், நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 பேருக்குத்தான். மாதவிலக்கால் ரத்தம் இழப்பதால் இரும்புச்சத்து நமக்குத்தான் அதிகம் தேவை. ஆணுக்கு தினம் 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29 என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ல் சொல்லியிருக்கிறது. அதிகம் தேவைப்படுகிறவளுக்கு மிச்சம் மீதி! இது என்ன நியாயம்?

மறுநாளே நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்து, சரிசமமாகப் பரிமாறிச் சாப்பிட்டோம். "இதென்ன புதுப் பழக்கம்?" என்றார் அவர். மகளின் ரிப்போர்ட்டைக் காட்டினேன். பேசாமல் சாப்பிட்டார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமை இரண்டு நாள்தான். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு, வழக்கம்போல் முதல் நாள் சோற்றையும் ஃபிரிட்ஜில் இருந்த குழம்பையும் தனித்தட்டில் போட்டுப் பின்கட்டில் கொடுத்தேன். பார்த்துக்கொண்டிருந்த மகள் மெதுவாகச் சொன்னாள், "நம்ம வீட்டுக் கடைசிப் பந்தி நீ இல்லைம்மா. அவங்கதான்."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எனக்கு நடந்தது அநியாயம் என்று புரிந்த எனக்கு, நான் செய்வது புரியாமல் போனதே!

மறுநாள் சுடச்சுட இட்லியை எங்கள் தட்டிலேயே வைத்து அவளைக் கூப்பிட்டேன். "வேணாங்க்கா, நான் இங்கயே சாப்பிடுறேன்" என்று கூச்சப்பட்டுத் தரையில் உட்கார்ந்தாள். நானும் என் தட்டுடன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்குச் சர்க்கரை என்று கடையில் வாங்கிய கம்பு மாவுப் பாக்கெட்டைப் பார்த்துச் சிரித்தாள். "கம்பங்கூழை நாங்க வெக்கப்பட்டு மறைச்சுக் குடிச்சோம். நீங்க காசு கொடுத்து வாங்குறீங்களேக்கா!"

மகள் இப்போது டாக்டர் சொன்னபடி இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாள். சாப்பிட்ட கையோடு காபி குடித்தால் சத்து உடம்பில் சரியாகச் சேராது என்பதால் அதையும் நிறுத்திவிட்டாள். அடுத்த மாதம் மறுபடியும் ரத்தப் பரிசோதனை.

சகோதரிகளே, இன்று பரிமாறும்போது ஒரு நிமிடம் பாருங்கள். உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? அவர் தட்டில் என்ன இருக்கிறது?

– ஒரு வாசகி, நாகப்பட்டினம்.