கார் பாட்டரியை எப்போது மாற்றுவது?

நள்ளிரவு. வீட்டில் பிரசவ வலி. சாவியைத் திருப்பினால் கார் "டிக், டிக்" என்கிறது. கிளம்பவில்லை!

இந்த ஆபத்து ஏன்? பாட்டரி முன்கூட்டியே சாடை காட்டும். கவனிப்பவர்கள்தான் இல்லை.

வெயில் ஒரு பகை

கார் பாட்டரியில் 6 அறைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் காரீயத் தகடுகளும், நீர் கலந்த கந்தக அமிலமும் இருக்கும். நாளடைவில் தகடுகள் அரித்துப்போகும். வெப்பம் அதை விரைவுபடுத்தும். நம் வெயிலில் பெரும்பாலும் 3 முதல் 5 ஆண்டுதான் ஆயுள்.

சாடைகள்

காலையில் என்ஜின் முக்கி முனகுகிறதா? ஸ்டார்ட் செய்யும்போது விளக்கு மங்குகிறதா? பாட்டரி தளர்ந்திருக்கலாம். பெட்டி உப்பினால், உடனே மாற்றுங்கள்.

அவசரமும் வேண்டாம்

ஒருநாள் மக்கர் செய்ததற்காகப் புதிது வாங்கிவிடக்கூடாது. அணைக்க மறந்த விளக்கோ, முனையில் பூத்த பொடியோ, தளர்ந்த வயரோ காரணமாக இருக்கலாம்.

மீட்டர் வைத்துப் பாருங்கள். இரவு முழுவதும் நின்ற காரில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். என்ஜின் ஓடும்போது சுமார் 14 வோல்ட் வரவேண்டும். 13-ஐக்கூடத் தாண்டாவிட்டால், பெரும்பாலும் குற்றவாளி பாட்டரி அல்ல. அதற்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டர்!

முழுக்க சார்ஜ் செய்தும் மறுநாளே 12.4-க்குக் கீழே இறங்கினால், பாட்டரியின் காலம் முடிந்தது என்று கொள்ளலாம். மீட்டர் சரியாகக் காட்டியும் என்ஜின் முனகினால், மெக்கானிக்கிடம் "லோட் டெஸ்ட்" செய்யச் சொல்லுங்கள். 3 வயதுக்குமேல் ஆண்டுதோறும் இதைச் செய்வது நல்லது.

பழையதைக் குப்பையில் போடாதீர்கள். காரீயம் நஞ்சு. கடையில் கொடுத்தால், புதியதன் விலையில் கழித்துக்கொள்வார்கள்.