ரிங்குக்குப் பின்னாடி வாங்க!

நாய்க் கண்காட்சிக்குப் போகிறவர்கள் கயிறு கட்டிய ரிங்கைச் சுற்றித்தான் நாற்காலி பிடிப்பார்கள். நீங்கள் அந்த நாற்காலியை யாருக்காவது விட்டுக்கொடுத்துவிட்டு, பந்தலுக்குப் பின்பக்கம், ஜெனரேட்டர் உறுமுகிற திசையில் நடந்து பாருங்கள். மடக்கு மேசைகள் வரிசையாக விரிந்திருக்கும். ஒரு மேசையில் ஷிட்சூ ஒன்று அசையாமல் நின்றிருக்க, அதன் நெற்றி முடியை இழை பிசகாமல் வாரிக் குடுமி போட்டுக்கொண்டிருப்பார்கள். அடுத்த மேசையில் பீகிளின் வெள்ளைக் கால்களுக்குப் பவுடர். அந்தப் பக்கம் கோல்டன் ரெட்ரீவர் மேல் புளோயர் காற்று அடிக்கிறது, பொன்னிற முடி பறக்கிறது, அது கண்ணை மூடிச் சொக்கி நிற்கிறது! கூண்டுக் கம்பிகளில் கிளிப் போட்ட குட்டி மின்விசிறிகள். ஈரத்துண்டு போர்த்திய பக் ஒன்று நாக்கைத் தொங்கவிட்டு எல்லோரையும் வேடிக்கை பார்க்கிறது. கல்யாண மண்டபத்தில் மணப்பெண் அறைக்குள் எட்டிப் பார்க்கிற குஷி இருக்கிறதே, அதேதான் இங்கும்!

வீட்டில் ஒரு குட்டி ஓடி விளையாடுகிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் ‘ஷோவுக்கு விடலாமே’ என்கிறார்கள். உங்களுக்கும் ஆசை துளிர்த்துவிட்டது. அப்படியானால் இந்தப் பின்பக்கம்தான் உங்களுக்கான பள்ளிக்கூடம். ரிங்குக்குள் ஒரு நாய்க்கு ஜட்ஜ் தனியாக ஒதுக்குவது ஏறக்குறைய இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தை மாதக்கணக்கில் வீட்டுக் கூடத்திலும் மொட்டை மாடியிலும் தெருவிலும் தயாரித்து, கடைசி மெருகை இந்த மேசை மேல் போடுகிறார்கள். குட்டியைக் கூட்டிக்கொண்டு வருவதற்கு முன், ஒரு முறையாவது குட்டி இல்லாமல் வெறுங்கையோடு வந்து இந்த மேசைகளைச் சுற்றுங்கள். இதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

முதலில் தாள் சமாசாரத்தை முடித்துவிடுவோம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம்: கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையகமே சென்னையில்தான் இருக்கிறது. நாய்க்காரர்கள் சுருக்கமாக கேசிஐ என்பார்கள். குட்டியை வாங்கும்போதே கேசிஐ பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா, மைக்ரோசிப் போட்டாயிற்றா என்று கேளுங்கள். உரிமையாளர் பெயரை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கவே கூடாது. அதற்கு முன் கொடுக்க முன்வருகிறவரிடம் வாங்காமல் திரும்பிவிடுங்கள். இன்னொன்று, கருத்தடை செய்த நாயை இனப் போட்டி ரிங்கில் பொதுவாக ஏற்க மாட்டார்கள். அந்த ரிங் அடுத்த தலைமுறைக்கு ஏற்ற நாயைத் தேடுகிற இடம் என்பதுதான் காரணம். ஷோ ஆசை இருந்தால் இதைக் கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள்.

தடுப்பூசி விஷயத்தில் மட்டும் அவசரமே வேண்டாம். பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசித் தொடர் முடிந்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டு, மருத்துவர் சரி சொன்ன பிறகுதான் மைதானம். ஊரெங்கிலுமிருந்து நாய்கள் வந்து கூடுகிற புல்வெளியில் பார்வோ கிருமி ஒளிந்திருக்க இடம் நிறைய உண்டு.

அப்பாடா! இனி ஆட்டத்துக்கு வருவோம்.

பின்பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாலே ஓர் அதிசயம் கண்ணில் படும். ஷோ நாய்கள் உட்காருவதில்லை! நம் வீடுகளில் குட்டி வந்த மறுநாளே ‘சிட்’ சொல்லிக்கொடுத்து, அது உட்கார்ந்ததும் பிஸ்கட் கொடுத்துக் கொண்டாடுகிறோம். ஷோக்காரர்களோ முதலில் கற்றுக்கொடுப்பது ‘ஸ்டாண்ட்’. ஜட்ஜுக்கு முன்னால் போய் நின்றதும் குட்டி பிஸ்கட் ஆசையில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டால், பின்கால் அமைப்பு எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியாதே! அதனால் நிற்பதுதான் பரிசுக்குரிய வேலை என்று குட்டியின் மண்டையில் முதலில் ஏற்றிவிடுகிறார்கள். நின்றால் ஈரல், நாலு காலிலும் நிமிர்ந்து நின்றால் இன்னும் ஒரு துண்டு ஈரல். உட்காருவதைப் பின்னால் தாராளமாகக் கற்றுக்கொடுக்கலாம்.

ஈரல் என்றேனா? அதுதான் இந்த உலகத்தின் நாணயம்! வேகவைத்த கோழி ஈரலைப் பொடிப்பொடியாக நறுக்கி, இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு திரிவார்கள். இதற்கு அவர்கள் சொல்லும் பெயர் பெய்ட். கை இரண்டும் வேலையாக இருக்கும்போது, நாயை ரிங்கில் நடத்துகிற ஹேண்ட்லர்கள் சிலர் ஈரலை வாயிலேயே கவ்வி வைத்துக்கொள்வார்கள். பளபளக்கிற கோட் சூட், கழுத்தில் டை, வாயில் கோழி ஈரல்! நாயின் பார்வை அந்த முகத்தை விட்டு நகருமா? கழுத்து நிமிர்கிறது, காது முன்னே வருகிறது, கண் மின்னுகிறது. நாம் பத்திரிகைப் படத்தில் பார்க்கிற அந்தக் கம்பீரம் இப்படித்தான் பிறக்கிறது.

நிற்கவைக்கிற கலைக்கு ஸ்டாக்கிங் என்று பெயர். பெரும்பாலான இனங்களுக்கு முன்கால்கள் தோளுக்கு நேர் கீழே, பின்கால்களில் குதி எலும்பு தரைக்குச் செங்குத்தாக. ஜெர்மன் ஷெப்பர்டுக்கு மட்டும் ஒரு பின்கால் சற்று முன்னே வரவேண்டும். ஒவ்வொரு காலாகக் கையால் எடுத்து வைக்கலாம். அல்லது ஈரலைக் காட்டிக் காட்டி அதையே சரியாக நிற்கச் செய்யலாம். மொட்டை மாடியில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு பழகுங்கள். ஜட்ஜ் பார்க்கிற கோணம் உங்களுக்கும் தெரியும். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். குட்டி இன்னும் வேண்டும் என்று துள்ளும்போதே நிறுத்திவிட வேண்டும். அந்தத் துள்ளலைத்தான் நீங்கள் ரிங்குக்குள் எடுத்துப் போகப்போகிறீர்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி: தொடுதல்!

உலகின் முதல் முறையான நாய்க் கண்காட்சி 1859 ஜூனில் இங்கிலாந்தின் நியூகாசிலில் நடந்தது. வந்தவை பாயிண்டர், செட்டர் என்ற வேட்டை இனங்கள் மட்டும். பரிசு என்ன தெரியுமா? துப்பாக்கி! வேட்டைக்காரர்கள் வேட்டைக்காரர்களுக்காக நடத்திய விழா அது. இன்றைக்கும் ஜட்ஜ் நாயின் தோளைத் தடவி, விலாவை அளந்து, தொடைச் சதையை அழுத்தி, வாயைத் திறந்து பல்வரிசை பார்ப்பதில் அந்தக் கேள்விதான் இருக்கிறது. இந்த உடம்பு அதன் வேலையைச் செய்யுமா? ஆண் நாய் என்றால் இரண்டு விதைகளும் இறங்கியிருக்கின்றனவா என்றும் தொட்டுப் பார்ப்பார்கள். முன்பின் தெரியாத ஒருவர் இப்படியெல்லாம் கைவைக்கும்போது குட்டி வாலாட்டிக்கொண்டு நிற்க வேண்டும்!

நம் ராஜபாளையத்தை நினைத்துப் பாருங்கள். 2005இல் அஞ்சல் தலையில் ஏறிய அழகன். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள். வீட்டாரைத் தவிர வேறு யார் தொட்டாலும் பிடிக்காத காவல்காரன். காவலுக்கு அருமையான அந்தக் குணம், ரிங்குக்குள் ஜட்ஜின் கை நீளும்போது பின்வாங்கலாகவோ உறுமலாகவோ வெளிப்பட்டுவிடும். அதனால் ராஜபாளையம் குட்டி வைத்திருப்பவர் மற்றவர்களைவிட முன்கூட்டியே தொடங்க வேண்டும். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் உங்கள் பயிற்சியாளர்தான். பால்காரர், கூரியர் தம்பி, மாடி வீட்டு அத்தை, கிரிக்கெட் விளையாடுகிற பையன்கள், எல்லோர் கையிலும் ஒரு துண்டு ஈரலைக் கொடுத்து, குட்டியின் முதுகை ஒரு தடவை தடவச் சொல்லுங்கள். தொப்பி போட்டவர், குடை பிடித்தவர், கறுப்புக் கண்ணாடி மாட்டியவர் என்று விதவிதமாக! வெள்ளை நாய்களிடம் பிறவியிலேயே காது கேளாமை வருவதுண்டு, ராஜபாளையத்திலும் உண்டு. வாங்கும்போதே குட்டியின் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நம் மண்ணின் நாய் ஒன்று ரிங்கில் காதைத் தூக்கி, அந்நியர் கைக்கு அசராமல் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்துவிடும்.

பல் பார்ப்பதில் ஒரு நுணுக்கம். நான்கு மாதத்திலிருந்து ஆறு ஏழு மாதம் வரை பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும் காலம். ஈறு வலிக்கும். அந்த நாளில் வாயைப் பிளந்து பழக்கினால், வாய்ப்பக்கம் கை வந்தாலே குட்டி தலையைத் திருப்பிக்கொள்ளும். உதட்டை மெல்ல விலக்கி, ஒரு விநாடி பார்த்து, உடனே ஈரல் கொடுத்து விட்டுவிடுங்கள். ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டிகளுக்கு இதே காலத்தில் நிமிர்ந்த காது மறுபடி சாய்வதும் உண்டு. அதைப் பார்த்துப் பதறாதீர்கள்.

நடை? ஜட்ஜ் ரிங்கின் நடுவில். நாய் உங்கள் இடப்பக்கம். கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால் நாய் எப்போதும் ஜட்ஜுக்கும் உங்களுக்கும் நடுவில் வரும். முக்கோணமாக ஓடச் சொல்வார், அல்லது நேராகப் போய்த் திரும்பச் சொல்வார். போகும்போது பின்கால், திரும்பும்போது முன்கால், பக்கவாட்டில் வீச்சு என்று மூன்றையும் அதிலேயே படித்துவிடுவார். நாய் சீராக ஓடுகிற வேகத்துக்கு நீங்கள் ஓட வேண்டும். அதனால்தான் பின்பக்கத்தில் கோட் சூட்டுக்குக் கீழே ரப்பர் ஷூக்கள்! உடையின் நிறத்திலும் கணக்கு இருக்கிறது. கறுப்பு லாப்ரடார் கொண்டுவருகிறவர் கறுப்பு பேன்ட் போட்டால் நாயின் முதுகுக்கோடு துணிக்குள் கரைந்துவிடும். வெளிர் நிறம் போட்டுக்கொண்டு வாருங்கள்.

ஷோ நாள் காலை. நகம் வெட்டியிருக்க வேண்டும். காது சுத்தம். குளியல் இனத்துக்கு இனம் வேறு. வெயில் ஏறுவதற்கு முன்பே வந்துவிடுங்கள். தண்ணீர், கிண்ணம், துண்டு, ஐஸ் பை, கூண்டு, விரிப்பு எல்லாம் உங்கள் பொறுப்பு. நுழைவாயிலில் சிப்பைப் படிக்கிற கருவி பீப் என்று சத்தமிடும். எண் அட்டையை இடது கையில் மாட்டிக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பை அழைப்பவர் ஸ்டீவர்ட். வயதைப் பொறுத்து மைனர் பப்பி, பப்பி என்று குட்டிகளுக்குத் தனி வகுப்புகள் இருக்கும். பெரிய நாய்களைத் தரையிலும், ஷிட்சூ, பக், பீகிள் போன்றவற்றை மேசையிலும் வைத்துப் பார்ப்பார்கள். மேசையில் ஏறிப் பழகாத பீகிள் குட்டிக்கு அங்கே கால் நடுங்கும். வீட்டில் ஒரு பழைய மேசை மேல் யோகா விரிப்பைப் போட்டு, அங்கேயே சாப்பாடு வைத்தால் தீர்ந்தது!

இதோ மைனர் பப்பி வகுப்பு. ஐயோ, இதைத் தவறவிடாதீர்கள்! ஒன்று புல்லை மோந்துகொண்டே நிற்கிறது. ஒன்று லீஷைக் கடித்துத் தொங்குகிறது. ஒன்று ஜட்ஜின் ஷூ லேஸை அவிழ்த்துவிட்டு வாலாட்டுகிறது. ஒன்று ரிங்கின் நடுவிலேயே ஒன்றுக்குப் போய்விட, ஸ்டீவர்ட் மண்ணள்ளிப் போடுகிறார். யாரும் முகம் சுளிப்பதில்லை. நல்ல ஜட்ஜ் குனிந்து, தன் கையை முதலில் மோந்து பார்க்கவிட்டு, காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்துவிட்டுத்தான் பல் பார்ப்பார். குட்டிக்கு இந்த முதல் ரிங் இனிப்பாக அமைந்துவிட்டால் அதன் பிறகு அது தானே இழுத்துக்கொண்டு ஓடும்.

ஒரு குட்டியை இன்னொரு குட்டியோடு வைத்துப் பார்க்கிற போட்டி என்றுதான் வெளியில் தோன்றும். ஜட்ஜின் மனதில் ஓடுவது அந்த இனத்துக்கென எழுதி வைத்த இலக்கணம். எந்தக் குட்டி அதற்கு அருகில் இருக்கிறது என்பதே கேள்வி. இனத்தில் சிறந்தது பல இனங்கள் சேர்ந்த குழுப் போட்டிக்குப் போகும், குழுவில் சிறந்தது ‘பெஸ்ட் இன் ஷோ’வுக்கு. குட்டிகளுக்கும் தனியாக ஒரு பெரிய சுற்று வைக்கிறார்கள். கிரேட் டேன் குட்டியும் பொமரேனியன் குட்டியும் ஒரே வரிசையில் நிற்கிற அந்தக் காட்சிக்காகவே மாலை வரை காத்திருக்கலாம்!

சென்னை, கோவை, சேலம், மதுரை, கொடைக்கானல் என்று ஷோக்கள் சுற்றி வரும். கோடை சீசனில் ஊட்டி அரசு கலைக் கல்லூரி மைதானத்தில் சவுத் இந்தியா கென்னல் கிளப் நடத்துகிற ஷோவுக்கு, குளிரில் குதிக்கிற நாய்களைப் பார்க்கவாவது போங்கள். தேதிகளைக் கேசிஐ இணையதளத்தில் பார்க்கலாம். நுழைவுப் பதிவு ஷோவுக்கு முன்பே முடிந்துவிடும் என்பதை மறக்காதீர்கள்.

ஒன்றே ஒன்று. ரிங்குக்குள் போகப்போகிற ஹேண்ட்லரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள், அவர் மனசெல்லாம் அந்த நாலு காலில் இருக்கும். வகுப்பு முடிந்து, டையைத் தளர்த்தி, டீ கிளாஸோடு கூண்டுப் பக்கம் உட்காரட்டும். அப்போது போய், ‘அண்ணா, எங்க வீட்ல ஒரு குட்டி இருக்கு’ என்று ஆரம்பியுங்கள். லீஷை எந்த விரலில் பிடிப்பது, எந்தக் கடையில் சீப்பு நன்றாக இருக்கும், ஈரலை எவ்வளவு நேரம் வேகவைப்பது என்று அவர் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போவார். நோட்டுப் புத்தகம் கொண்டு போங்கள்!