இடிக்க இடிக்க உயிர்க்கும் கரை
கடலைத் தடுக்கக் கட்டிய சுவர்களை ஆள் வைத்துத் தகர்க்கிறது ஓர் அமெரிக்க மாநிலம்

கடலுக்கு வேலி போட்டுவிட முடியும் என்று நம்பியவர்கள் எழுப்பிய சுவர்கள் அவை. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், சியாட்டில் நகரையொட்டிய ப்யூஜெட் சவுண்ட் உள்கடலின் கரை நீளம் ஏறத்தாழ 4,000 கி.மீ. அதில் கால் பங்குக்கு மேல் கான்கிரீட், பாறை, மரத் தடுப்புகள். இப்போது அவற்றை ஒவ்வொன்றாக இடிக்கிறார்கள்.

காரணம், மணல். கரையோர மண்மேடுகள் அரிக்கப்பட்டுச் சரிவதால்தான் இங்கு கடற்கரையே உருவாகிறது. சுவர் எழுந்ததும் அந்த வரவு நின்றது. சுவரில் மோதித் திரும்பும் அலை, இருந்த மணலையும் வாரிக்கொண்டு போனது.

இழப்பு மணலோடு நிற்கவில்லை. சர்ஃப் ஸ்மெல்ட், சாண்ட் லான்ஸ் போன்ற சிறு மீன்கள் முட்டையிடுவது கரையின் மேல் விளிம்பில், பொடிக்கல் மணலில். நிழல் தரும் மரங்களும் வெட்டப்பட்டால் முட்டைகள் வெயிலில் கருகும். இந்த மீன்களைத் தின்று வளர்வது சினூக் சால்மன். சினூக்கை நம்பி வாழ்பவை இப்பகுதியின் ஓர்கா திமிங்கலங்கள். 1999இல் சினூக்கும், 2005இல் ஓர்காவும் அழிவின் விளிம்பிலுள்ளவை என்ற அரசுப் பட்டியலில் ஏறின. இன்று அந்த ஓர்காக் கூட்டத்தில் எஞ்சியிருப்பவை எண்பதுக்கும் குறைவு.

பியூரியன் நகரின் சீஹர்ஸ்ட் பூங்கா இதற்கு வழிகாட்டி. 2004-05இல் தென்பகுதிச் சுவரும், 2013-14இல் வடபகுதிச் சுவரும் அகற்றப்பட்டன. சரளையும் மணலும் கொட்டி, கரையைச் சாய்வாக்கி, உள்ளூர்ச் செடிகளை நட்டார்கள். பிற இடங்களில் பழைய தோணித்துறைகளின் தார் எண்ணெய் ஊறிய மரத்தூண்களும் பிடுங்கப்படுகின்றன. அத்தூண்களில் ஒட்டும் ஹெர்ரிங் முட்டைகள் பொரிப்பதில்லை என்பது ஆய்வில் தெரிந்த உண்மை.

சிக்கல் வீட்டுச் சொந்தக்காரர்களிடம். கரையின் பெரும்பகுதி தனியார் கையில். வாசலில் அலை அடிக்கும்போது மீனுக்காகச் சுவரை விட்டுக்கொடு என்றால் யார் கேட்பார்கள்? அவர்களது அச்சமும் பொய்யல்ல. வீடு விளிம்பில் இருந்தால் சுவரை எடுக்க முடியாது. அதனால்தான் இலவச ஆலோசனை, மானியம் என்று நயமாகப் பேசுகிறது அரசு. பழைய சுவரை மாற்றும்போது, இயன்றவரை கரைக்குக் கேடு குறைந்த வழியையே நாட வேண்டும் என்று 2021இல் சட்டமும் வந்தது.

இடித்தது கொஞ்சம், நிற்பது ஏராளம். சுவரை எழுப்ப ஒரு கோடை போதும். அது விழுங்கிய கரையை மீட்க ஒரு தலைமுறை பிடிக்கும்.